வீல்சேரோடு ஊர் சுற்ற ஒரு வண்டி: வாசகர் கேள்விகள்

போன இதழில், என் மனைவிக்காகக் கட்டிய வண்டியைப் பற்றி எழுதியிருந்தேன். கரூரில் பஸ் பாடி கட்டுவது எனக்குத் தொழில். முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வீல்சேரோடு உள்ளே ஏறி, ராத்திரி அதிலேயே தூங்கி, காலையில் அதிலேயே குளித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும்படி ஒரு டாடா விங்கரை மாற்றினோம். அதைப் படித்தவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில இங்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு பேட்டரியில் ஓடும் பவர் வீல்சேர். எந்த வேன் வாங்கலாம்? மாருதி ஈகோ போதும், அதுதான் கைக்கு அடக்கம் என்கிறார் என் தம்பி.
— வாசகி, திண்டுக்கல்

வண்டியை அப்புறம் பார்க்கலாம் அம்மா. முதலில் டேப்பை எடுத்து உங்கள் கணவரை அளந்துகொள்ளுங்கள். அவர் வழக்கமாக உட்காரும் குஷன் மேல், வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்காரட்டும். தரையிலிருந்து உச்சந்தலை வரை உயரம் எவ்வளவு? கால்மிதியின் நுனியிலிருந்து பின்சக்கரம் வரை நீளம் எவ்வளவு? முழங்கைகளையும் சேர்த்து அகலம் எவ்வளவு? முழங்கால் உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், சமையல் மேடைக்கும் மேசைக்கும் அது வேண்டும். அடுத்தது எடை. பவர் சேர் நூறு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அரிசி மண்டியிலோ இரும்புக் கடையிலோ உள்ள பிளாட்பாரத் தராசில் அவரையும் சேர்த்து ஏற்றிப் பாருங்கள், சரியான கணக்கு வந்துவிடும்.

பிறகு பழைய பிளைவுட் ஒன்றில், பக்கவாட்டில் பார்த்தால் அவர் உட்கார்ந்திருக்கும் உருவம் எப்படித் தெரியுமோ அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஷோரூமுக்கு அந்தப் பலகை போகட்டும். ஒவ்வொரு வேனின் கதவு வழியாகவும் அதை நுழைத்துப் பாருங்கள். உள்ளே கூரை எவ்வளவு உயரமாக இருந்தாலும், கதவின் மேல்சட்டம் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். கழுத்தில் பலம் இல்லாதவர்களால் குனியவும் முடியாது. கம்பெனி புத்தகத்தில் உள்கூரை உயரம் கொட்டை எழுத்தில் இருக்கும். கதவுத் திறப்பின் உயரத்தை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

ஈகோவின் மொத்த உயரமே சுமார் 1.8 மீட்டர். அதில் தரைக்குக் கீழே போகும் உயரம் போக மிஞ்சுவதில், பெரியவர் ஒருவர் பவர் சேரில் நிமிர்ந்து உட்கார முடியாது. வீல்சேரை மடித்துப் பின்னால் போட்டுவிட்டு, அவரைத் தூக்கி சீட்டில் வைக்கிற குடும்பத்துக்கு அது நல்ல வண்டி. அதில் படுத்துத் தூங்கிப் பயணம் போக உங்களுக்கு உதவாது.

நான் விங்கர் ஹை ரூஃப் எடுத்ததற்குக் காரணம் அதன் முன்சக்கர ஓட்டம். எஞ்சினும் கியரும் முன்னாலேயே முடிந்துவிடுவதால், பின்னால் தரைக்கு அடியில் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு, கிடையாது. தரை தாழ்வாக அமைகிறது. தரை ஒரு சாண் தாழ்ந்தால் சாய்தளமோ லிஃப்டோ அந்த அளவுக்குச் சுலபமாகிவிடும். ஆனால் அது மோனோகாக் பாடி, அதாவது தனியாக சேஸிஸ் இல்லாமல் உடம்பே எலும்பாகவும் இருக்கும் வண்டி. தரையை வெட்டி இன்னும் இறக்கித் தருகிறேன் என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஃபோர்ஸ் டிராவலர் பின்சக்கர ஓட்டம். தரை உயரம். ஆனால் உள்ளே இடம் தாராளம், எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார், பழைய வண்டி நியாயமான விலைக்கு வரும். லிஃப்ட் வைப்பது என்று முடிவாகிவிட்டால் டிராவலரையும் பாருங்கள்.

லிஃப்ட் விலை அதிகம். பின்கதவில் தகர சாய்தளம் வைத்தால் போதாதா?
— வாசகர், அருப்புக்கோட்டை

உங்கள் வண்டியின் தரை உயரம் 65 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கட்டடங்களுக்குச் சொல்லப்படும் சரிவு 12-க்கு 1, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அந்தக் கணக்கில் சாய்தளம் 7.8 மீட்டர் வேண்டும், வண்டியை விட நீளம். 6-க்கு 1 என்று செங்குத்தாக்கினாலும் 3.9 மீட்டர். 4-க்கு 1 என்றால் 2.6 மீட்டரில் அடங்கும். ஆனால் அந்தச் சரிவில் ஆள் உட்கார்ந்த வீல்சேரை ஒரே ஆள் தள்ளி ஏற்றினால் முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழலாம். மழை பெய்த தகரத்தில் தள்ளுகிறவரின் செருப்பும் வழுக்கும்.

மெல்லிய உடம்பு, கையால் தள்ளும் லேசான வீல்சேர், தள்ளுவதற்கு வாட்டமான இரண்டு பேர் என்றிருந்தால் மடக்குகிற அலுமினியச் சாய்தளம் போதும். ஓரங்களில் இரண்டு அங்குலமாவது விளிம்பு வேண்டும், மேலே சொரசொரப்பு ஒட்டியிருக்க வேண்டும். பவர் சேருக்கு லிஃப்ட்தான். அமெரிக்காவில் பொதுப் போக்குவரத்து வண்டிகளின் லிஃப்டுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சத் தாங்குதிறன் 272 கிலோ, மேடையின் அளவு 76-க்கு 122 செ.மீ. நீங்கள் வாங்குவதையும் அந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேடையின் வெளிநுனியில், தரையை விட்டுக் கிளம்பியதும் தானாக நிமிர்ந்து சக்கரத்தைத் தடுக்கும் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி இறங்கிவிட்டால் கையால் அடித்து இறக்கும் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கடையிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் வைப்பது என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. இடப்பக்கம் வைத்தால் நடைபாதையில் இறங்கலாம், ஆனால் வண்டியிலிருந்து இரண்டரை மீட்டராவது காலி இடம் வேண்டும். கரூரின் சந்துகளில் அது கிடைக்காது என்பதால் நாங்கள் பின்னால் வைத்தோம். பின்பக்க லிஃப்டில் ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் ஒருவர் பின்னால் காரை ஒட்டி நிறுத்திவிட்டுப் போயிருப்பார். அதற்காகப் பின்கதவில் கொட்டை எழுத்தில் 'வீல்சேர் இறங்கும் வழி, 3 மீட்டர் விடவும்' என்று எழுதிவைத்திருக்கிறோம். பலர் மதிக்கிறார்கள்.

இன்னொன்று. பின்கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும். சரக்கு வேன்களில் பலவற்றுக்கு உள்பக்கக் கைப்பிடியே இருக்காது. வீல்சேரில் உட்கார்ந்தவர் கை எட்டும் உயரத்தில் கைப்பிடி, அதே உயரத்தில் லிஃப்டின் சுவிட்ச், அதே உயரத்தில் லைட் சுவிட்ச், தீயணைப்பான். இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. ஆனால் இவை இல்லாத வண்டியில் வீல்சேரில் இருப்பவர் வெறும் லோடு. இருந்தால் அது அவர் வண்டி. என்னிடம் வருகிற குடும்பங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: பட்டறைக்கு அவரையும் கூட்டி வாருங்கள், சுவிட்ச் எங்கே என்று அவர் கை நீட்டிக் காட்டட்டும்.

அப்பாவுக்கு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க ஆசை. வீல்சேரைப் பக்கவாட்டில் திருப்பி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகலாமா?
— வாசகர், சிதம்பரம்

கூடாது தம்பி. வண்டி ஓடும்போது வீல்சேர் முன்னோக்கித்தான் இருக்க வேண்டும்.

வீல்சேர் பிடிப்பான்களைச் சோதிக்கும் உலகத் தரம் மணிக்கு 48 கி.மீ. வேக மோதலை வைத்து. அந்த நொடியில் எடை 20 மடங்காகத் தெரியும். நூறு கிலோ சேர் இரண்டு டன்னாக முன்னால் பாயும். தேங்காய்க் கயிறும் லாரி நைலானும் அதை நிறுத்தாது. நான்கு முனைப் பட்டை வாங்குங்கள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பட்டையின் கொக்கியை சேரின் வெல்டிங் செய்த சட்டத்தில் மாட்ட வேண்டும். சக்கரத்திலோ கழற்றும் கைப்பிடியிலோ கால்மிதியிலோ மாட்டக் கூடாது. பின்பட்டைகள் தரையோடு 30 முதல் 45 டிகிரி சரிவில் இருக்கட்டும், முன்பட்டைகள் 40 முதல் 60. மோதலில் முழு பாரத்தையும் தாங்குவது பின்பட்டைகள்தான்.

பட்டைகளை மாட்டத் தரையில் பதிக்கும் தண்டவாளத்தை பிளைவுட்டில் ஸ்குரூ போட்டு நிறுத்தாதீர்கள். போல்ட் தரைத்தகட்டைத் துளைத்துக் கீழே இறங்கி, அடியில் தடித்த இரும்புப் பட்டை வைத்து முறுக்கப்பட வேண்டும். அதைச் செய்யும்போது நீங்களே கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். டீசல் டேங்கும் பிரேக் பைப்பும் எங்கே போகின்றன என்று தெரியாமல் துளை போடக் கூடாது.

சேரைக் கட்டியாயிற்று என்றால் அப்பாவைக் கட்டியதாக ஆகாது. அவருக்குத் தனியாக இடுப்புப் பட்டை, தோள் பட்டை. இரண்டும் வண்டியில் நங்கூரமிட்டிருக்க வேண்டும். இடுப்புப் பட்டை கைப்பிடிக்கு உள்ளே போய் இடுப்பெலும்பு மேல் படியட்டும், வயிற்றின் மேல் ஏறக் கூடாது. தலைக்கு முன்னால் 65 செ.மீ. வரை கெட்டியான பொருள் எதுவும் வேண்டாம். அலமாரி விளிம்பு, டி.வி. எதுவும்.

வேடிக்கைக்கு வழி இருக்கிறது. அவர் உட்காரும் இடத்தை முன்சீட்டுகளுக்கு நேர் பின்னால், நடுவில் வைத்துவிடுங்கள். முன்கண்ணாடி முழுவதும் அவருக்குத் தெரியும். வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். திம்பத்தில் 27. உடம்பைப் பிடித்து நிறுத்தும் தசை வேலை செய்யாதவர்கள் ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவார்கள். நெஞ்சுப் பட்டை ஒன்றும், இரண்டு பக்கமும் விலாவைத் தாங்கும் மெத்தையும் சேரிலேயே பொருத்திக்கொண்டு மலை ஏறுங்கள்.

நான் போலியோவால் வீல்சேரில் இருப்பவன். வேனை மாற்றிக் கட்டினால் பிரேக் இன்ஸ்பெக்டர் பிடிப்பார், ஆர்.சி.யை முடக்குவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
— வாசகர், ஆத்தூர்

பாதி உண்மை. கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுதான் அதற்கு அடிப்படை. அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

மறுபாதியை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. அதே 2019-இல் வந்த திருத்தச் சட்டம் 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று ஒரு வகையை வரையறுத்தது. மாற்றுத்திறனாளி ஒருவருக்காகவே கட்டப்பட்ட, அல்லது மாற்றியமைக்கப்பட்ட, அவர் மட்டுமோ அவருக்காக மட்டுமோ ஓடும் வண்டி. 52-ஆவது பிரிவே அப்படி மாற்றிக்கொள்ள உங்களுக்கு வழிவிட்டு, பதிவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறச் சொல்கிறது. மாற்றியதை 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

சட்டம் இப்படி இருந்தாலும், வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்விடுங்கள் என்பது என் பழக்கம், என் யோசனை. வண்டியின் பக்கவாட்டுப் படம், மேலிருந்து பார்த்த படம், லிஃப்டின் எடை, சீட் எத்தனை கழற்றுகிறீர்கள், எல்லாம் ஒரே தாளில். உங்கள் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல். ஆய்வாளர் அந்தத் தாளைப் பார்த்துக் கேட்கிற கேள்விகளை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் அது சண்டை. முன்னால் கேட்டால் பெரும்பாலும் ஆலோசனை.

படுக்கை, சமையலறை எல்லாம் வைத்து 'மோட்டார் கேரவன்' என்றே பதிய வேண்டுமானால் ஏ.ஐ.எஸ்.-124 என்ற இந்திய வாகனத் தரம் குறுக்கே வரும். அதற்கு அங்கீகாரம் பெற்ற பாடி கட்டுநரிடம் போவதுதான் நல்லது. கழற்றி மாட்டும் கட்டில், தூக்கி வைக்கும் அடுப்புப் பெட்டி என்று இருந்தால் எந்த வகையில் வரும் என்பதையும் அந்த முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆர்.சி.யில் ஏறிய பிறகு கிடைப்பவற்றை விட்டுவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த வண்டிக்கு 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் சுங்க விலக்கு இருக்கிறது. அதற்குத் தனி ஃபாஸ்டாக் வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி கேட்கலாம், பழைய டாரிஃப்படி 50 சதவீதம். ஆர்.சி.யில் மாற்றம் ஏறியிருந்தால்தான் அது கிடைக்கும். லிஃப்டின் விலையையும் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள்.

வாடகைக்கு மட்டும் விடாதீர்கள். 'அவருக்காக மட்டும்' என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது.

எங்கள் ஊர் வெயிலுக்கு வேனுக்குள் தூங்க முடியுமா? ஏ.சி. இரவு முழுக்க ஓடுமா?
— வாசகி, வேலூர்

வேலூர்க்காரர் நீங்கள் கேட்கிற கேள்வியை ஊட்டிக்காரரும் கேட்க வேண்டும். முதுகுத்தண்டின் மேல்பகுதியில், அதாவது நெஞ்சுப்பகுதி ஆறாவது எலும்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. நமக்கு வியர்த்துக் கொட்டி உடம்பு தணிகிற வெயிலில், அவர்கள் உடம்பு உள்ளேயே சூடேறிக்கொண்டு போகும். நிறுத்திய வேனுக்குள் அவரை விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று இறங்குவது வேண்டவே வேண்டாம்.

கூரைக்கு வெள்ளை பெயிண்ட். தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட், கதவுக்குள்ளும் விடாமல். கூரையில் காற்றை வெளியே இழுக்கும் 12 வோல்ட் விசிறி, எதிர்ப்பக்கம் தாழ்வாக வலை போட்ட ஜன்னல். இந்த நான்கும் செய்த பிறகுதான் ஏ.சி. பேச்சு. சிறிய இன்வெர்ட்டர் ஏ.சி. மணிக்கு அரை யூனிட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு நான்கு யூனிட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். மூன்று பேட்டரி போட்டாலும் விடியும்முன் நின்றுவிடும். நாங்கள் லாட்ஜ் அல்லது மண்டப வளாகத்தில் நிறுத்தி, காசு கொடுத்து 15 ஆம்பியர் பிளக்கில் ஒயர் மாட்டிக்கொள்கிறோம். பவர் சேரும் அதிலேயே சார்ஜ் ஏறிவிடும். வண்டியின் பேட்டரி மின்விசிறிக்கும் லைட்டுக்கும் மட்டும்.

சூட்டில் இன்னொரு ஆபத்து கால் வழியாக வரும். எஞ்சின் மூடியின் ஓரம், சைலன்சர் போகும் இடத்துக்கு மேல் தரை, வெயிலில் கிடந்த லிஃப்டின் இரும்பு மேடை. உணர்வில்லாத கால் அதில் பட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பயணத்தில் காலுறை, மூடிய செருப்பு. தரையை உங்கள் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் காலை வையுங்கள்.

காற்றடைத்த குஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால், 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து குஷனுக்குள் இருக்கும் காற்று விரியப் பார்க்கும், ஏறக்குறைய கால் பங்கு. குஷன் கல்லாகிவிடும். வழியில் நிறுத்தி, பிருஷ்ட எலும்புக்குக் கீழே கையை நுழைத்து, ஒரு விரல் தடிமன் இடைவெளி இருக்கும்படி காற்றைக் கொஞ்சம் விடுங்கள். இறங்கும்போது இதன் தலைகீழ் நடக்கும். மேலே காற்றை விட்டுவிட்டு அப்படியே சமவெளிக்கு வந்தால் குஷன் தட்டையாகி எலும்பு பலகையில் உட்காரும். மலையடிவாரத்தில் கல்லாறில் நிறுத்திக் கைப்பம்பால் நிரப்புங்கள். படுக்கைப்புண் வரச் சில மணி நேரம் போதும், ஆற மாதங்கள் ஆகும். ஓடும் வண்டியில் அரை மணிக்கு ஒரு முறை சாய்ந்தோ தூக்கிவிட்டோ பாரத்தை மாற்ற வேண்டும், டிரைவர் நிறுத்தத்தான் வேண்டும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பாத்ரூமுக்கு என்ன செய்தீர்கள்? அந்தப் பயத்தாலேயே நான் எட்டு வருஷமாக ஊர்ப் பயணம் போவதில்லை. கல்யாணத்துக்குப் போனால் தண்ணீர் குடிக்க மாட்டேன்.
— வாசகி, தூத்துக்குடி

இதற்குப் பதில் என் மனைவி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"அக்கா, நானும் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள்தான். நெடுஞ்சாலையில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள், நமக்கு அது இரண்டு மடங்கு. ஆனால் நமக்கு மூத்திரத் தொற்று வந்தால் காய்ச்சலோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும். அதனால் வண்டியில் முதலில் நான் கேட்டது பாத்ரூமைத்தான். கட்டில்கூட அப்புறம்தான்.

வேனுக்குள் தனியாக அறை கட்டினால் வீல்சேர் திரும்பாது. முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும், மேடையும் அலமாரியும் வைத்த பிறகு அது எங்கேயும் மிஞ்சாது. அதனால் லிஃப்ட் வழியாக ஏறி வந்து நிற்கிற பின்பகுதியையே குளிக்கிற இடமாக்கிவிட்டோம். தரையில் ஃபைபர் கிளாஸ், மூலையை நோக்கி லேசான சரிவு, வடிகால். கூரையில் வளைந்த கம்பியில் கனமான திரை. திரையை இழுத்தால் அறை. கமோடு வைத்த குளியல் சேர் ஒன்று, கட்டிலும் அதுவும் ஒரே உயரம், நான் நழுவி மாறிக்கொள்கிறேன். அடியில், தொட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டும்படியான 20 லிட்டர் கேசட் டாய்லெட். கழுவ இரண்டு லிட்டர், குளிக்க பத்து லிட்டர் போதும் என்று பழகிவிட்டேன்.

சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர் போடுகிறவர் என்றால், கட்டிலில் சாய்ந்தபடியே செய்யலாம். அதற்குக் கை எட்டும் இடத்தில் வளையும் கழுத்துள்ள விளக்கு, ஒட்டிய கண்ணாடி, கை கழுவ சிறிய குழாய், மூடியுள்ள குப்பைத் தொட்டி வேண்டும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று டாக்டர் சொன்ன கணக்கை அலாரம் வைத்துக் காப்பாற்றுங்கள். ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் சட்டச் சிக்கல் வரும், அதனால் உள்பக்கம் தடித்த துணித்திரை. தாழ்ப்பாள் உள்ளே, உங்கள் கை எட்டும் உயரத்தில். மற்றவர்கள் வெளியே நிற்கட்டும், நாம் கூப்பிட்டால் வரட்டும். இப்போது நான் வழியெல்லாம் இளநீர் குடிக்கிறேன் அக்கா."

மகனுக்கு 17 வயது, டுஷென் தசைச் சிதைவு நோய். தூக்கித் தூக்கி என் முதுகு போய்விட்டது. ராத்திரியில் மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷின் வேண்டும். எங்களுக்கும் இப்படி ஒரு வண்டி சாத்தியமா?
— வாசகி, கும்பகோணம்

சாத்தியம் அம்மா. ஆனால் உங்கள் வண்டியில் நான் மாற்றிச் செய்யச் சொல்வது இரண்டு விஷயம்.

ஒன்று, தூக்குகிற வேலையை உங்கள் முதுகிலிருந்து எடுத்துவிட வேண்டும். கட்டிலுக்கு மேலே குறுக்காக ஒரு தண்டவாளம், அதில் ஆளைத் தூக்கும் மோட்டார் ஹாய்ஸ்ட், அதில் மாட்டிய துணித்தொட்டில். வேன் கூரை இந்தப் பாரத்தைத் தாங்கக் கட்டியதல்ல. நான்கு கால்களைத் தரைக்கு அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டங்களில் (கிராஸ் மெம்பர்) போல்ட் செய்து நிறுத்தி, மேலே சட்டம் போட்டு, அந்தச் சட்டத்தில் தண்டவாளத்தைப் பொருத்த வேண்டும். முதல் முறை மகனை ஏற்றாதீர்கள். அவர் எடையைப் போல இரண்டு மடங்கு சிமெண்ட் மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். தொட்டிலின் அளவையும் தலைத்தாங்கலையும் பிசியோதெரபிஸ்ட் தீர்மானிக்கட்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1954-இல் சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து, வீல்சேரில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் தொடங்கிவைத்த பணி அது. தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். இந்த மாதிரி இடத்தில் மகனின் உட்காரும் நிலையை ஒரு முறை முழுதாகப் பார்த்த பிறகு எனக்கு அளவு அனுப்புங்கள்.

இரண்டு, பைபாப். அதற்கென்று தனி பேட்டரி. விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்கும் அதைப் பங்கு போடக் கூடாது. ஈரப்பதம் சேர்க்கும் சூடு இல்லாமல் ஓட்டினால் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஓர் இரவுக்குத் தாராளம். சூட்டை இயக்கினால் கணக்கு மாறிவிடும், மெஷினின் பின்புறம் எழுதியுள்ள வாட்ஸைப் பார்த்து, ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவாக இருக்கட்டும். மெஷின் நின்றுபோனால் கையால் காற்றுக் கொடுக்கும் அம்பு பேக், கட்டிலின் தலைமாட்டில், மூட்டைகளுக்கு அடியில் போகாத இடத்தில். அதைப் பயன்படுத்த உங்களோடு இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வண்டிக்குள் எதைத் தன் விரலாலேயே இயக்க ஆசைப்படுகிறார்? பாட்டா, விளக்கா, ஜன்னல் திரையா? விரலில் இருக்கும் பலத்துக்கு ஏற்ற சுவிட்ச் கிடைக்கிறது. அதை வரைபடத்தில் முதலில் குறித்துவிடுவோம்.

கேஸ் அடுப்பு வைக்கலாமா?
— வாசகர், பவானி

உள்ளே வேண்டாம். எல்.பி.ஜி. காற்றை விடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். நடக்கத் தெரிந்தவர் குதித்து ஓடிவிடுவார், வீல்சேரில் இருப்பவர் லிஃப்ட் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். பிளக் கிடைத்தால் இண்டக்ஷன், இல்லாவிட்டால் வண்டிக்கு வெளியே மடக்கு மேசையில் சமையல். மேசை உயரம் 75 செ.மீ., கீழே முழங்கால் போக இடம் விட்டு. அப்போது சாம்பாரைக் கிளறுவது யார் என்று நீங்கள் இருவரும் முறை வைத்துக்கொள்ளலாம்.

வண்டி தயார். முதலில் எங்கே போகலாம்?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

வாழ்த்துகள் ஐயா. முதல் இரவை உங்கள் வீட்டு வாசலிலேயே வண்டியில் தூங்குங்கள். மறந்தது என்ன என்று அன்றைக்கே தெரிந்துவிடும், எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது, உங்கள் ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குள்ளேயே ஓர் இரவு.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கொடைக்கானல் பக்கம்தான், ஆனால் முதல் பயணத்துக்கு மலை வேண்டாம். போகும்போது இ-பாஸ் மறக்காதீர்கள், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அது வேண்டும்.

கடல் பார்க்க வேண்டுமென்றால் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை இருக்கிறது. 263 மீட்டர் நீளம், 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தி, திரும்பச் சரிசெய்தார்கள். மழைக்காலத்தில் போவதானால் நிலைமையை விசாரித்துக்கொண்டு போங்கள். அலைக்குக் கிட்டே வீல்சேரிலேயே போய் நின்ற அந்த மாலையில் என் மனைவி வெகுநேரம் திரும்பவே மனமில்லாமல் இருந்தார்.

எனக்குப் பிடித்தது தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போகிறது. வண்டியின் பின்கதவைத் திறந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு பக்கக் கடலும் தெரியும். காலையில் சீக்கிரம் போங்கள், நிழல் கிடையாது, பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். மணலில் பவர் சேரை இறக்காதீர்கள், புதைந்துவிடும். அன்றைக்கு இரவே லிஃப்டின் பின்களையும் கீல்களையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து கிரீஸ் வைத்துவிடுங்கள், உப்புக்காற்று ஒரு வாரத்தில் துருவைக் கொண்டுவந்துவிடும்.